வெட்டிய மூன்று வருஷம்

பிப்ரவரி 9, ஞாயிறு

இந்த டைரி பம்ப்செட் கம்பெனி கொடுத்தது. வருஷா வருஷம் இவருக்கு ஒன்று வரும். எரிந்துபோன மோட்டாருக்குக் காயில் கட்டுகிற மனிதருக்கு எல்லாம் விரல் நுனியிலேயே இருக்கிறதாம், எழுதிவைக்க வேண்டியதில்லையாம். அதனால் அது என் கைக்கு வந்துவிடும். ராகிமாவு டப்பாவுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். சமையல் குறிப்பு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். நானும் அப்படியே விட்டுவிட்டேன்.

மிருதுளாவுக்கு இந்த வாரம் கெமிஸ்ட்ரி செய்முறைத் தேர்வு. பன்னிரண்டாம் வகுப்பு. காலையிலிருந்து கூடத்தில் உட்கார்ந்து சத்தம் போட்டு மனப்பாடம் செய்தாள். நான் பக்கத்தில் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். "மெத்தில் ஆரஞ்சு, அமிலத்தில் மஞ்சள், காரத்தில் சிவப்பு." எட்டுத் தடவை சொன்னாள். எட்டுத் தடவையும் தலைகீழாகச் சொன்னாள்.

கத்தியைக் கொஞ்சம் அழுத்தித் தட்டில் வைத்தேன். "ம்மா, சத்தம் பண்ணாத" என்றாள். பண்ணவில்லை.

பிப்ரவரி 13, வியாழன்

அழுதுகொண்டே வந்தாள். வெளிப்பள்ளியிலிருந்து வந்த வாத்தியார் மெத்தில் ஆரஞ்சைப் பற்றித்தான் கேட்டிருக்கிறார். இவள் மாற்றிச் சொல்ல, அவர் மற்றப் பிள்ளைகளைப் பார்த்துச் சிரித்திருக்கிறார்.

"எனக்குச் சொல்லித்தர இந்த வூட்டுல ஆரு இருக்காங்க?" என்று கேட்டாள். பிறகு அவளே என் முகத்தைப் பார்த்து, "நீ என்னம்மா பண்ணுவ, வுடு" என்று என்னைச் சமாதானம் செய்தாள்.

குழிப்பணியாரம் ஊற்றிக் கொடுத்தேன். நான் சாப்பிடவில்லை.

பிப்ரவரி 18, செவ்வாய்

பெங்களூருக்குப் பக்கத்தில் ஒரு பல்கலைக்கழகம். மிருதுவின் டீச்சர்தான் சொல்லியிருக்கிறார். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போகிற பிள்ளைக்கு, மாவட்டத்துக்கு ஒருவருக்கு, படிப்பு விடுதி சாப்பாடு எல்லாம் இலவசம். ஒரு கட்டுரை எழுதி அனுப்ப வேண்டும். பிறகு ஒரு நேர்காணல். அதோடு தாலுகா ஆபீஸில் வாங்கிய முதல் பட்டதாரிச் சான்றிதழும் வேண்டும்.

அதற்காகத்தான் இன்று மூன்று பேரும் கிராம நிர்வாக அலுவலரிடம் போனோம். "வூட்டுல ஆராச்சும் டிகிரி முடிச்சிருக்காங்களா?" என்று கேட்டார்.

"எங்க பரம்பரையில ஒருத்தனும் காலேஜ் பக்கம் மழைக்குக்கூட ஒதுங்குனதில்லைங்க சார்" என்றார் இவர். ஏதோ பட்டம் வாங்கியதுபோல அத்தனை பெருமை.

அலுவலர் என்னைப் பார்த்தார். "நீங்கம்மா?"

இவரே சொன்னார். "அவ பன்னெண்டாவதுங்க. என்னையவிட ரெண்டு கிளாஸ் ஜாஸ்தி. அதனால வூட்டுல அவ பேச்சுத்தான்." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

உறுதிமொழியில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். சொன்னது பொய்யானால் சட்டப்படியான நடவடிக்கைக்குக் கட்டுப்படுவதாக அதில் இருக்கிறது. என் பேனா எழுதவில்லை. அலுவலர் தன் பேனாவைக் கொடுத்தார். அது நன்றாக எழுதியது.

பிப்ரவரி 27, வியாழன்

சான்றிதழ் வந்துவிட்டது. இவர் அதைக் கடைக்கு எடுத்துப்போய், மோட்டார் கொண்டுவந்தவர்களுக்கெல்லாம் காட்டியிருக்கிறார். ஓரத்தில், காயிலுக்குப் பூசுகிற வார்னிஷ் கறை.

மார்ச் 25, செவ்வாய்

தேர்வுகள் முடிந்தன. கெமிஸ்ட்ரி சுமார் என்கிறாள்.

மார்ச் 27, வியாழன்

நேர்காணலுக்கு மெயில் வந்தது. அந்தப் பல்கலைக்கழகத்தில் படித்து முடித்தவர்களே தங்கள் ஊர்ப்பக்கத்துப் பிள்ளைகளைச் சந்தித்துப் பேசி, இவள் ஆவாள் ஆகமாட்டாள் என்று எழுதி அனுப்புவார்களாம். எங்களுக்கு வாய்த்தவர் நவநீதன் என்பவர். ஈரோட்டில் கம்ப்யூட்டர் கம்பெனி வைத்திருக்கிறார். ஏப்ரல் ஐந்து, சனிக்கிழமை, காலை ஒன்பதரைக்கு வரச் சொல்லியிருந்தார்.

இவர் உடனே நாள்காட்டியைப் பார்த்தார். "சனிக்கெழம ஒம்பதர ராகு காலம். பத்தாததுக்கு அஷ்டமி. மாத்தச் சொல்லு."

"ராகு காலம்னு மெயில்ல எப்படிப்பா போடறது?"

"அப்படியே போடு. அந்தப் பையனும் ஈரோட்டுக்காரந்தான, தெரியாமயா இருக்கும்."

மிருது வெட்கத்தில் செத்துப்போனாள். தட்டித் தட்டி அழித்தாள். கடைசியில் அன்றைக்குக் காய்ச்சல் என்று எழுதினாள். ஒன்பது நாள் கழித்து வரப்போகிற காய்ச்சல்! சட்னி அரைக்கிற சாக்கில் எட்டிப் பார்த்தேன். "வூட்டுல ஒரு விசேசம்னு போடு கண்ணு. காய்ச்சல்னா, எப்படி முன்னாடியே தெரிஞ்சுதும்பாங்க" என்றேன்.

"உனக்கு எப்படிம்மா இதெல்லாம் தோணுது?" என்று சிரித்தாள்.

பொய் சொல்வதில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு. அவள் அனுப்பிய இரண்டு வரி ஆங்கிலத்தில் மூன்று பிழைகள் இருந்தன. அதைச் சொல்லவில்லை.

மார்ச் 30, ஞாயிறு

ஏப்ரல் பன்னிரண்டு, பதினொரு மணிக்கு என்று மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். நல்ல மனிதர்.

இன்று வீட்டில் ஒத்திகை. இவர் கண்ணாடியை மூக்கு நுனியில் மாட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து நவநீதன் ஆனார். "மோட்டார் ஏன் எரியுது?" என்பதுதான் முதல் கேள்வி. "அப்பா, அவரு அதையெல்லாம் கேக்கமாட்டாரு." "கேட்டா?" கால் மணி நேரம் மோட்டார் ஏன் எரிகிறது என்று பாடம் நடந்தது. நான் வயிறு வலிக்கச் சிரித்தேன்.

பிறகு அவள் எழுதி அனுப்பிய கட்டுரையைத் தமிழில் சொல்லிக் காட்டினாள். அது என்னைப் பற்றியது என்று இன்றைக்குத்தான் தெரிந்தது.

"என் அம்மாவுக்கு வேதியியல் என்ற சொல்லே தெரியாது. ஆனால் புளி போட்டுப் பித்தளைக் குடத்தைத் தேய்க்கும்போது, தான் அறியாமலேயே அவர் வேதியியல் செய்கிறார். அவருக்குத் தெரியாத அந்தச் சொல்லைக் கற்கத்தான் நான் கல்லூரிக்குப் போகிறேன்."

இவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எப்படி எழுதியிருக்குது பாரு" என்றார். நான் எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டேன். உணர்ச்சிவசப்பட்டுப் போகிறேன் என்று இருவரும் நினைத்திருப்பார்கள்.

புளியில் இருப்பது டார்டாரிக் அமிலம். எழுதிவிட்டு அடிக்கப் பார்த்தேன். இருக்கட்டும்.

ஏப்ரல் 2, புதன்

பெருந்துறைக்கு அண்ணன் வீட்டுக்குப் போய்வந்தேன். உடம்பு சரியில்லாத அண்ணியைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனேன். அண்ணி கல்லுப்போல இருக்கிறாள்.

எழுதித் தொலைக்கிறேன். நான் பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி. முதல் வகுப்பு. மூன்று வருஷமும் பெருந்துறையிலிருந்து பஸ்ஸில் போய்ப் படித்தேன். அப்பா இறந்தபின் அண்ணன் அவசர அவசரமாக வரன் பார்த்தான். தரகர் ஜாதகத்தோடு சேர்த்துக் கொடுக்கிற தாளைப் படித்துவிட்டு, "மாப்பிள்ள பத்தாவது. பொண்ணு பன்னெண்டாவதுன்னா ஒத்துக்குவாங்க, டிகிரின்னா யோசிப்பாங்க. அந்த மூணு வருசத்த வெட்டிருங்க" என்றார். இல்லாத படிப்பைச் சேர்த்துச் சொல்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். எனக்கு மட்டும் இருந்ததை வெட்டினார்கள். அண்ணன் வெட்டினான். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

அந்த மூன்று வருஷம் பெண் என்ன செய்தாள் என்று கேட்டால், தையல் படித்தாள் என்று சொல்ல ஏற்பாடு. ஊசியில் நூல் கோக்கத் தெரியாது எனக்கு. கல்யாணமாகி வந்த வாரமே நாத்தனார் ஜாக்கெட் துணியோடு வந்து நின்றாள். அதைப் பாழாக்கிவிட்டு, கண் வலி என்று சொல்லி, பிறகு எதிர்வீட்டு அக்காவிடம் திருட்டுத்தனமாகத் தையல் கற்றேன். பொய்யை மெய்யாக்க அத்தனை பாடு. மெய்யைச் சொல்ல ஒரு நிமிஷம் போதும். அது மட்டும் முடியவில்லை.

சொல்ல நினைத்த நாள் உண்டு. கல்யாணமாகி மூன்றாம் மாதம். இவருடைய சின்னம்மா மருமகள் எம்.ஏ. படித்தவள். அவள் வீட்டுக்கு வந்துவிட்டுப் படியிறங்கியதும், "டிகிரி மகாராணி போறாங்க பாரு" என்று இவர் சொல்லிச் சிரித்தார். அன்றைக்கு வாயை மூடியவள்தான்.

இன்று போனது என் பட்டச் சான்றிதழைக் கிழித்துப்போட. நேர்காணலில் யாராவது துருவினால் எங்கேயும் ஒரு துண்டுக் காகிதம் இருக்கக்கூடாது என்று பட்டது. அண்ணி பரணிலிருந்து மஞ்சள் பையை எடுத்துக் கொடுத்தாள். சான்றிதழும் இருந்தது, கறுப்பு அங்கியில் எடுத்த போட்டோவும் இருந்தது. மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வந்த அன்று காலையில் சுவரிலிருந்து கழற்றியது. அந்த ஆணியில் இன்னமும் காலண்டர்தான் தொங்குகிறது.

"மாப்பிள்ளைக்குத் தெரிஞ்சுபோச்சா?" என்றான் அண்ணன். இல்லை என்றேன். "அப்பறம் ஏன் கெளறற?" என்றான்.

கிழிக்கவில்லை. மஞ்சள் பையோடு கொண்டுவந்து பழைய புடவைகளுக்கு அடியில் வைத்திருக்கிறேன். இதற்கும் தைரியம் இல்லை, அதற்கும் தைரியம் இல்லை.

ஏப்ரல் 12, சனி

நேர்காணல் முடிந்தது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

இவர் காலையில் மண்ணெண்ணெய் போட்டுக் கையைத் தேய் தேய் என்று தேய்த்தார். நகக்கண்ணில் ஏறிய வார்னிஷ் போகவில்லை. ஈரோடு போனதும், "நீங்க மேல போங்க, நான் வண்டியப் பாத்துக்கறேன்" என்று டீக்கடையிலேயே நின்றுவிட்டார். வண்டியை யாரும் தூக்கிக்கொண்டு போகப்போவதில்லை. கையை மறைக்கிறார் என்று எனக்குத் தெரியும்.

மாடியில் ஏ.சி. அறை. எங்களுக்கு முன்பே ஒரு தாயும் மகளும் உட்கார்ந்திருந்தார்கள். அந்த அம்மா செருப்பைப் படிக்கட்டிலேயே கழற்றிவிட்டு வந்திருந்தார். பெயர் தெய்வானை. அந்தியூர்ப் பக்கம் செங்கல் சூளையில் வேலை. மகள் மோனிஷா, ஒல்லியாக, மடியில் ஒரு நோட்டை இறுக்கிப் பிடித்தபடி இருந்தாள். முதலில் அவளை உள்ளே கூப்பிட்டார்கள். மிருது கண்ணை மூடிக்கொண்டு மோட்டார் ஏன் எரிகிறது என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

பெற்றோர் நிரப்ப வேண்டிய தாள் ஒன்றை ஒரு பெண் கொடுத்துவிட்டுப் போனாள். முழுக்க ஆங்கிலம். மோனிஷா வெளியே வந்து மிருது உள்ளே போனாள். மோனிஷா தண்ணீர் குடிக்கக் கீழே போயிருந்த நேரத்தில், தெய்வானை தாளோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ஏனுங்கக்கா, பாத்தா படிச்சவங்களாட்டம் இருக்கீங்க. இதுல என்ன போட்டிருக்குதுன்னு கொஞ்சம் சொல்லுங்களே."

படித்துச் சொன்னேன். மாவட்டத்துக்கு ஒருவருக்குத்தான், குடும்பத்தில் எவருமே பட்டம் பெறாதவர்களுக்கு மட்டும்தான் என்று மேலே இருந்ததையும் படித்தேன். என் குரலை நானே கேட்டேன். தங்குதடையில்லாமல் போனது.

"என்ற படிப்புன்னு கேட்டிருக்குதுங்களா? பள்ளிக்கோடத்து வாசப்படி மிதிச்சதில்லீங்க. அத எப்படி எழுதுவீங்க?"

"இல்லைன்னு எழுதுனாப் போதுங்க."

"எழுதுங்கக்கா. என்ற பேரும் நீங்களே எழுதிருங்க. இவ எங்கூட்டுல மொத ஆளு. இது கெடைக்காட்டி ஜூன்ல மில்லுக்குத்தான் போகோணும். அவங்கப்பா சொல்லிப்போட்டாரு."

அவர் தாளில் 'இல்லை' என்று எழுதினேன். என் தாளில் 'பன்னிரண்டாம் வகுப்பு' என்று எழுதினேன். ஒரே பேனா.

பிறகு என்னையும் உள்ளே கூப்பிட்டார்கள். நவநீதனுக்கு முப்பது வயதிருக்கும். எழுந்து நின்று கும்பிட்டார். என்னிடம் மட்டும் நிறுத்தி நிறுத்தி, கொஞ்சம் உரக்கப் பேசினார், காது மந்தமானவர்களிடம் பேசுவதுபோல. "உங்க பொண்ணோட கட்டுரைய நாலு தடவ படிச்சேங்கம்மா. அந்தப் புளி வரி! எங்கம்மாவும் அப்படித்தாங்க." மிருதுவின் முகம் பூரித்துக் கிடந்தது.

"நீங்க எதுவரைக்கும்மா படிச்சீங்க?"

"பன்னெண்டாவதுங்க."

"புளி போட்டா ஏன் பளிச்சுனு ஆகுது, தெரியுங்களா?" என்று அன்பாகக் கேட்டார்.

"தெரியாதுங்க."

அவர் விளக்கினார். குடத்தின் மேல் படிந்த ஆக்ஸைடை அமிலம் கரைத்துவிடுகிறதாம். புளியில் சிட்ரிக் அமிலம் இருக்கிறதாம். சிட்ரிக் இல்லை தம்பி, அது எலுமிச்சை. நாக்கு நுனிவரை வந்தது. "அப்படிங்களா" என்று தலையாட்டினேன். மிருது பெருமையோடு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

வெளியே வந்தபோது தெய்வானை என் போன் நம்பரை வாங்கிக்கொண்டார். "ஏதாச்சும் இங்கிலீசுல வந்துச்சுன்னா உங்ககிட்டக் கேக்கறனுங்கக்கா" என்றார்.

வண்டியில் மூன்று பேராக வரும்போது காற்றில் கண் எரிகிறது என்று சொன்னேன்.

ஏப்ரல் 24, வியாழன்

மிருதுவுக்குக் கிடைத்துவிட்டது.

இவர் ஜிலேபி வாங்கிவந்து தெருவுக்கே கொடுத்தார். கடைசியாக ஒரு உறுதிமொழிப் படிவம் மட்டும் பாக்கி. பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து கையெழுத்திட்டு, முப்பதாம் தேதிக்குள் அனுப்ப வேண்டும்.

சாயங்காலம் தெய்வானை கூப்பிட்டார். "மோனிசாவ ரெண்டாவதா வெச்சிருக்காங்களாமுங்க. மொத ஆளு வேண்டாம்னு சொன்னாத்தான் இவளுக்காமா. அப்படி ஆராச்சும் சொல்லுவாங்களாக்கா?"

"தெரியலீங்க" என்றேன். "உங்க பொண்ணுக்குங்க?" என்று கேட்டார். "இன்னும் ஒண்ணும் வரலீங்க" என்றேன். ஜிலேபித் தட்டு என் கையில் இருந்தது.

என்னைப்போல ஒரு ஜென்மம் உண்டா.

ஏப்ரல் 26, சனி

காலையில் இவர் கை கழுவிவிட்டு, படிவத்தை மேஜைமேல் விரித்து, பேனா மூடியைத் திறந்தார். நான் உள்ளே போய் மஞ்சள் பையை எடுத்துவந்து போட்டோவை அதன்மேல் வைத்தேன்.

"இது ஆரு?" என்றார். நிஜமாகவே அடையாளம் தெரியவில்லை.

"நாந்தாங்க."

"இது ஆரோட அங்கி?"

"ஸ்டுடியோக்காரங்களுது. படிப்புத்தான் என்னுது. பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி. கல்யாணத்துக்கு முன்னாலயே முடிச்சதுங்க."

பையிலிருந்து பட்டச் சான்றிதழை எடுத்து இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். தரகரைப் பற்றிச் சொன்னேன், அண்ணனைப் பற்றிச் சொன்னேன். தையல் கதையையும் சொன்னேன். அதற்கு யாரும் சிரிக்கவில்லை.

"ஒரு நா சொல்லியிருந்தா கழுத்தப் புடிச்சு வெளிய தள்ளியிருப்பனா?" என்றார்.

"உங்க சின்னம்மா மருமகள டிகிரி மகாராணின்னீங்க."

"அது வெளையாட்டுக்குச் சொன்னது."

"எனக்கு வெளையாட்டாத் தெரியலீங்க."

"இத்தன வருசம் கூட இருந்தும் என்னைய அவ்வளவு சின்ன மனுசன்னு நெனச்சிட்ட." சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குப் போய்விட்டார். சாப்பாடு கொடுத்தனுப்பினேன். திரும்பி வந்துவிட்டது.

அப்பா போனதும் மிருது கேட்டாள். சீட்டைப் பற்றிக் கேட்பாள் என்று நினைத்தேன்.

"மெத்தில் ஆரஞ்சு அமிலத்துல என்ன கலரும்மா?"

"சிவப்பு."

"நான் மாத்திப் படிச்சிட்டிருந்தப்ப நீ பக்கத்துலதான் அவரைக்கா நறுக்கிட்டிருந்த."

"ஆமா."

"கேட்டுட்டேதான் இருந்த."

"ஆமா கண்ணு."

"அழுதுட்டு வந்தப்ப பணியாரம் சுட்டுக் குடுத்த."

சான்றிதழை மறைத்ததற்கு ஆயிரம் காரணம் சொல்லலாம். தரகர், அண்ணன், காலம் என்று எல்லார் தலையிலும் கட்டலாம். இதற்கு யார் தலையில் கட்டுவது? என் பொய்யைக் காப்பாற்றிக்கொள்ள என் பெண்ணைத் தப்பாகப் படிக்கவிட்டேன். பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த நாளிலிருந்து அவள் நோட்டைத் திறக்கும்போதெல்லாம் "எனக்கென்ன தெரியும் கண்ணு" என்று சொல்லிச் சொல்லியே வளர்த்தேன். வெட்கமாக இருக்கிறது. வேறு வார்த்தை எனக்குத் தெரியவில்லை.

ஏப்ரல் 28, திங்கள்

இரண்டு நாளாக வீட்டில் பேச்சில்லை. மோட்டார் எரிந்த வீடுதான் இது.

இன்று நானே மிருதுவிடம் போய் நின்றேன். "நீ கையெழுத்துப் போடறதுன்னாப் போடு. நான் போடமாட்டேன். ஆனா உன்ற வாழ்க்கை. என்ன பண்ணலாம், நீ சொல்லு" என்றேன்.

"தெரிஞ்சப்பறம் எப்படிப் போடறது? உன்னயாட்டம் எனக்கு வராதும்மா" என்றாள்.

அடித்திருந்தால்கூட இப்படி வலித்திருக்காது. ஆனால் நவநீதனின் மெயிலைத் திறந்து போனை என்னிடம் நீட்டினாள். "நீயே எழுது. நீதான் படிச்சவளாச்சே."

எழுதினேன். ஆங்கிலத்தில் ஒரு முழு வாக்கியம் எழுதிப் பல வருஷமாகிறது. என் பெயர் கோகிலவாணி, நான் ஒரு பட்டதாரி, என் மகளுக்கு இது தெரியாது, அவள் எழுதியதில் பொய் இல்லை, பொய் என்னுடையது என்று எழுதினேன். கடைசியில் ஒரு வரி சேர்த்தேன். புளியில் இருப்பது சிட்ரிக் இல்லை, டார்டாரிக். பிறகு அது திமிராகப் பட்டது. அழித்துவிட்டேன். மிருது பக்கத்தில் உட்கார்ந்து முழுவதையும் படித்தாள். ஒரு பிழையும் சொல்லவில்லை. அனுப்பு என்ற பொத்தானை அவள்தான் அழுத்தினாள். அழுத்திவிட்டுக் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டாள். நெடுநேரம் தண்ணீர் ஓடியது.

ஏப்ரல் 29, செவ்வாய்

நவநீதனிடமிருந்து பதில். சீட் உண்டு, இலவசம் கிடையாது. உண்மையைச் சொன்னதற்கு நன்றி என்று எழுதியிருந்தார். அந்த நன்றியைத்தான் என்னால் படிக்க முடியவில்லை. இலவசம் இல்லாமல் அங்கே அனுப்ப எங்களால் ஆகாது. மிருதுவுக்கும் தெரியும், அவள் கேட்கவே இல்லை.

மே 2, வெள்ளி

தாலுகா ஆபீஸில் முதல் பட்டதாரிச் சான்றிதழைத் திருப்பிக் கொடுத்தோம். தப்பை எழுதிக் கொடுத்துக் கையெழுத்தும் போட்டேன். இப்படித் திருப்பிக் கொடுக்க யாரும் வந்ததில்லையாம். எந்த ரிஜிஸ்டரில் பதிவது என்று தெரியாமல் விழித்தார்கள். இவர் கூட வந்தார். பேசவில்லை. ஆனால் வந்தார்.

மே 8, வியாழன்

ரிசல்ட். மற்ற எல்லாவற்றிலும் தொண்ணூறுக்கு மேல். கெமிஸ்ட்ரியில் எழுபத்தொன்று.

மே 9, வெள்ளி

அரசுக் கல்லூரிக்கு விண்ணப்பம். இவர்தான் உட்கார்ந்து தன் கையால் நிரப்பினார். நான் அடுக்களையில் இருந்தேன்.

"இந்தா, பி.எஸ்ஸி.க்கு நடுவுல புள்ளி வருமா?" என்று கேட்டார். பதிமூன்று நாளில் என்னிடம் கேட்ட முதல் கேள்வி.

"வருமுங்க" என்றேன். அம்மாவின் படிப்பு என்ற இடத்தில் புள்ளி வைத்தார். அப்பாவின் படிப்பு என்ற இடத்தில் பத்தாம் வகுப்பு என்று இன்னும் பெரிதாக எழுதியிருந்தார்.

மே 10, சனி

மத்தியானம் தெய்வானையிடமிருந்து போன். ஏதோ தபால் வந்திருக்கிறதாம். மோனிஷா லீவுக்கு மில் வேலைக்குப் போயிருக்கிறாள், ஆறு மணிவரை போனைக் கொடுக்கமாட்டார்களாம். "அதுவரைக்கும் பொறுக்க முடியலீங்கக்கா, போட்டோ புடிச்சு அனுப்பியிருக்கறேன்" என்றார். படத்தைப் பெரிதாக்கிப் படித்துக்கொண்டே பேசுவதற்காக ஸ்பீக்கரில் போட்டேன். இவர் கூடத்தில் டி.வி. பார்த்துக்கொண்டிருந்தார். மிருது துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

முதல் வரியிலேயே இருந்தது. "உங்க பொண்ணுக்குக் கெடச்சிருச்சுங்க. படிப்பு, விடுதி, சாப்பாடு எல்லாம் அவங்களே பாத்துக்கறாங்களாம். ஜூலையில வந்து சேரச் சொல்லியிருக்காங்க."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம். "இன்னொருக்காப் படிங்கக்கா" என்றார். படித்தேன். இன்னொரு முறையும் படித்தேன்.

"உங்க பொண்ணுக்குங்க?"

"அவ இங்கயே கவர்மென்ட் காலேஜுக்குப் போறாங்க."

"நீங்க இல்லீன்னா நாங்க என்ன பண்ணியிருப்போமுங்க. இங்கிலீசெல்லாம் தண்ணியாட்டப் படிக்கறீங்க. நீங்க எதுவரைக்கும் படிச்சீங்கக்கா?"

டி.வி. சத்தம் குறைந்தது. இவர் திரும்பிப் பார்க்கவில்லை.

"பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரிங்க" என்றேன்.

"அப்படிச் சொல்லுங்க! அப்ப உங்க பொண்ணுக்குப் பாடமெல்லாம் நீங்களே சொல்லிக் குடுத்திருப்பீங்க. குடுத்து வெச்ச புள்ள."

மிருதுவின் கை மடித்துக்கொண்டிருந்த துண்டிலேயே நின்றுவிட்டது. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்லீங்க" என்றேன். "ஒரு நாளும் சொல்லிக் குடுக்கலீங்க."

மே 11, ஞாயிறு

காலையில் கொல்லைப்பக்கம் போனால், மிருது பித்தளைக் குடத்தை எடுத்துவைத்துப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவள் வேலையே இல்லை அது. நான் நின்றேன். நிமிராமலே கேட்டாள்.

"சிட்ரிக் ஆசிடாம்மா இது?"

"இல்ல. டார்டாரிக்."

"அன்னிக்கு அவரு சொன்னப்பவே தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சுட்டேதான் தலையாட்டுனியா?"

"ஆட்டுனேன்."

குடத்தைக் கழுவிக் கவிழ்த்தாள். கையை உதறிவிட்டு, என் பக்கத்தில் வந்து, முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"இனிமே ஆராச்சும் தப்பாச் சொன்னா தலையாட்டாதம்மா. நானா இருந்தாலும் ஆட்டாத" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.